அமானுல்லா பாயின் மழைக்குழி

அமானுல்லா பாய் கையேந்தி மழை கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சாயிரா பானு, "ஏங்க, நம்ம குழி தாங்குமான்னு பாத்துட்டு அப்புறம் கேட்டிருக்கலாமில்லீங்க?" என்றார்.

"கேட்டாச்சு. கேட்டதை எப்படி வாபஸ் வாங்கறது?" என்றார் பாய்.

பாய்க்குச் சொந்த ஊர் திருப்பூர் ராயபுரம். சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய், வெட்டி மிஞ்சிய பனியன் துணியை வாங்கிப் பிழைப்பைத் தொடங்கியவர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஆடுகிற தராசிடம்கூட "கொஞ்சம் நில்லு கண்ணு" என்றுதான் சொல்வார். இப்போது அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில், சோளக்காடாக இருந்து மனையாக மாறிய இடத்தில், ஆண்டவன் புண்ணியத்தில் வீடும் குடோனும் ஆகிவிட்டன. முன்னால் வழுவழுவென்று ஒரு காங்கிரீட் களம். துணியை அதில் கொட்டி, வெள்ளை வேறு கலர் வேறாகப் பிரித்து, வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டுவார். களம் போனால் பாய்க்குத் தொழில் போச்சு.

களத்தில் ஒரே ஒரு குறை. மண்ணாகக் கிடந்தவரைக்கும் பெய்கிற மழையைத் தானே குடித்துக்கொண்ட நிலம், காங்கிரீட் போட்ட பிறகு ஒரு சொட்டும் வாங்கவில்லை. அவ்வளவும் சரிந்து பக்கத்து வீட்டுப் பழனாயி அக்காவின் சமையலறைக்குள் போனது.

அக்கா சண்டைக்கு வரவில்லை. வேலியோரம் நின்று மரியாதையாகவே சொன்னார். "ஏனுங்க பாய், உங்கூட்டுத் தண்ணி வந்து எங்கூட்டு அடுப்புல உக்காந்திருக்குதுங்க. வேற ஆளு வந்தா சோறு போட்டு அனுப்பலாம். இதுக்கு என்ன போட்டு அனுப்பறதுன்னு தெரியலீங்க."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அடுத்த மழையும் அங்கேதான் போனது. அக்கா பஞ்சாயத்தில் சொல்ல, ஓவர்சியர் அருள்செல்வன் வந்து களத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அவங்கவங்க எடத்துல விழற மழை அவங்கவங்க எடத்துக்குள்ளயே எறங்கணும் பாய். கட்டடம் கட்டற எல்லாருக்கும் இதான் சட்டம். ஒரு குழி தோண்டுங்க. அடியில பெரிய கல்லு, மேல ஜல்லி, அதுக்கும் மேல மணல். அடுத்த மழைக்குத் தண்ணி வெளிய வந்துச்சுன்னா களத்தைப் பேத்துப் போட ஆள் கூட்டிட்டு வருவேன்."

பாய் குழி தோண்டிவிட்டார். கல்லும் ஜல்லியும்தான் வரவில்லை. லாரிக்காரர் இன்றைக்கு என்றார், நாளைக்கு என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. வானமோ கருத்துக்கொண்டு வந்தது.

பாய் குழியைப் பார்த்தார். குடோனைப் பார்த்தார். மூலையில் ஒரு லாட் சேப்புத் துணி, மூட்டை மூட்டையாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் பட்டால் சாயம் போகிறது என்று எந்த நாட்டுக்காரனோ வேண்டாமென்று தள்ளிய துணி. உள்ளூரிலும் அதை யாரும் சீண்டவில்லை. இந்த ஊரில் பனியன் வேஸ்ட் போகாத இடம் கிடையாது. தலையணைக்குள் அதுதான், ஒழுகுகிற குழாயில் சுற்றுவதும் அதுதான். வேர்வையைக் குடிக்கிற துணி மழையைக் குடிக்காதா என்று பாய்க்குத் தோன்றியது. பிஸ்மில்லா சொல்லி மூட்டைகளைக் குழியில் இறக்கி, ஏறி மிதித்து, மேலே மணலைத் தூவிவிட்டார்.

"ஓவர்சியர் கல்லுன்னுதானே சொன்னாரு?" என்றார் சாயிரா பானு.

"கல்லு குடிக்குமா புள்ள? யோசிச்சுப் பாரு."

பாய் கையேந்தி துஆ கேட்ட அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பாய் குடையோடு குழிக்குப் பக்கத்தில் நின்றார். களத்துத் தண்ணீர் ஓடி வந்து குழியில் விழுந்தது, காணாமல் போனது. மறுபடி விழுந்தது, மறுபடி காணாமல் போனது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று பாய் வீட்டுக்குள் போய், நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

விடிந்ததும் பழனாயி அக்காவின் குரல்தான் எழுப்பியது.

"பாய், இத்தன நாள் வெறுந்தண்ணி உட்டீங்க. நேத்துத்தான் கலர் போட்டு உட்டிருக்கறீங்க."

குடித்து ஊதிய துணி அதற்குமேல் ஒரு வாய்கூட வாங்காமல், வந்த தண்ணீரையெல்லாம் சாயத்தோடு வெளியே துப்பியிருந்தது. அக்காவின் வாசல் சேப்பு. துளசிச் செடியின் அடி சேப்பு. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட வெள்ளைச் சேவல், வயிறு வரைக்கும் செம்பருத்திப் பூ நிறத்தில் திண்டாடிக்கொண்டிருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தண்ணீர் ரோட்டோரப் பள்ளம் வழியாக இறங்கி, கீழே தோப்பு வைத்திருக்கும் கதிர்வேலின் கிணற்று மேடு வரைக்கும் போய்விட்டது. திருப்பூர்ப் பக்கம் பள்ளத்தில் சேப்பாகத் தண்ணீர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கதிர்வேல் நாலு பேரோடு புல்லட்டில் வந்து இறங்கினார்.

"சாயப்பட்டறை எத்தன நாளா ஓடுதுங்க பாய்?"

"பட்டறை இல்லீங்க. குழிங்க."

"ஓ, குழிக்குள்ளயே வெச்சுட்டீங்களா?"

அவர்கள் குடோனுக்குள் பாய்லரைத் தேடினார்கள். கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தார்கள். ஒருவர் சாயிரா பானுவின் இட்லிக் குண்டாவைத் தூக்கி மோந்து பார்த்தார். "வெச்சுட்டுப் போங்க. அது நாளைக்கு வேணும்," என்றார் சாயிரா பானு.

அதற்குள் ஓவர்சியர் வந்துவிட்டார். குழி மணலைக் காலால் ஒதுக்கினார். சேப்பாக ஒரு முனை தெரிந்தது. பிடித்து இழுத்தார். அது துணியின் ஓரத்தில் வெட்டிய நீள நாடா. ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு கயிறு மாதிரி வந்தது, வந்துகொண்டே இருந்தது. அவரால் முடியாமல் கதிர்வேல் ஒரு கை போட்டார். கூட வந்தவர்களும் பிடித்தார்கள். கடைசியில் தேர் வடம் மாதிரி ஆளாளுக்குப் பிடித்து இழுக்க, எல்லார் வேட்டியும் சேவல் நிறத்துக்கு வந்தது. கதிர்வேலுக்குக் கோபம் எங்கேயோ போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓவர்சியர் மட்டும் சிரிக்கவில்லை. "தண்ணி வெளிய போயிருச்சு பாய். களத்தை உடைக்கணும். நான் சொன்னதுதான்."

பாய் களத்தைப் பார்த்தபடி நின்றார்.

"பூராத்தையும் பேத்துப் போட்டா அவரு துணிய உங்க ஆபீஸ்லயாங்க கொண்டாந்து காயப்போடுவாரு?" என்றார் பழனாயி அக்கா. "என்ற வேலிப் பக்கம் பாதிய உடைச்சு மண்ணாக்கச் சொல்லுங்க. குழிக்கும் ஒழுங்கா கல்லுப் போடட்டும். எங்கூட்டுக்குள்ள வராம இருந்தாச் செரி."

ஓவர்சியர் சரிவைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ஆள் வரட்டும் என்று பாய் காத்திருக்கவில்லை. தானே கடப்பாரையை எடுத்தார்.

அடுத்த மழை பாதிக் களத்தில் விழுந்து, மண்ணில் இறங்கி, மிச்சம் குழியின் கல்லுக்குள் போனது. அக்காவின் அடுப்பு நனையவில்லை. ஆனால் இருந்த பாதிக் களத்தில் பாய்க்குத் துணி பரப்ப இடம் போதவில்லை. ஈர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரை அக்கா மேலிருந்து கூப்பிட்டார்.

"எங்கூட்டு மொட்டை மாடி சும்மாதானுங்க கெடக்குது. கொண்டாந்து காயப்போட்டுக்கங்க."

பாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் அக்கா குறுக்கே நின்றார்.

"மொதல்ல அவுத்துக் காட்டுங்க. சேப்பு இருந்தா மேல உடமாட்டேனுங்க."