ஜெர்மனிக்குக் கொடுத்த டெபாசிட்

அன்றைக்கு எங்கள் தாராவி அறையில் இருந்தது ஐந்து பேர். கட்டிலில் கால் நீட்டி அம்மா. டெம்போவை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்ததால் உட்கார மனமில்லாமல் கதவோரம் என் வீட்டுக்காரர். இருந்த ஒரே நாற்காலியில் பாய். நான் ஜிப் தைத்துக் கொடுக்கும், பை தைக்கிற பட்டறையின் முதலாளி அவர். மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியில் தம்பி. அடுப்புப் பக்கம் நான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

தம்பி மாட்டுங்காவில் இன்ஜினியரிங் முடித்து ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் எம்.எஸ். படிக்காவிட்டால் சம்பளம் இப்படியே நின்றுவிடும் என்று தினமும் சொல்வான். செம்பூரில் ஒரு கன்சல்டன்சிக்கு என்னையும் கூட்டிப் போனான். அமெரிக்காவுக்கு அங்கே உட்கார்ந்திருந்த பெண் சொன்ன தொகை எங்களுக்கு எட்டாது. அதை அங்கேயே விட்டோம். மிஞ்சியது இரண்டு. அயர்லாந்து என்றால் ஒரே வருஷம், எல்லாம் இங்கிலீஷ், வேலையும் சீக்கிரம் கிடைக்கும் என்றாள். ஆனால் பீஸும் சாப்பாடும் சேர்ந்து முப்பது லட்சம் பக்கம். ஜெர்மனியில் அரசாங்க யுனிவர்சிட்டிக்குப் பீஸ் இல்லை. இரண்டு வருஷம் ஆகும், அந்த ஊர்ப் பாஷை தெரியாமல் வேலை கிடைப்பது கஷ்டம். விசாவுக்கு முன்னால் பிளாக்ட் அக்கவுண்ட் என்ற ஒரு கணக்கில் பன்னிரண்டு லட்சம் போட்டுக் காட்ட வேண்டும். பணம் உங்கள் தம்பி பேரில்தான் இருக்கும், வேறு யாரும் தொட முடியாது என்றாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் பம்பாயில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது புதிதாகப் படவில்லை. இங்கே ஹெவி டெபாசிட் என்று ஒன்று உண்டு. வீட்டுச் சொந்தக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்தது அப்படியே கைக்கு வரும். ஜெர்மனிக்காரனும் அதைத்தான் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் எத்தனையோ கேட்டேன். குளிரில் மூக்கில் ரத்தம் வருமா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், பிளேன் லேட்டானால் காலேஜில் சேர்ப்பார்களா என்றெல்லாம். பணம் எப்படித் திரும்பி வரும் என்று மட்டும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்?

என் வீட்டுக்காரர் அயர்லாந்துதான் என்று நின்றார். எங்கள் அறையின் பேப்பரை நம்பி எந்த பேங்கும் கடன் தராது. பிரைவேட் பைனான்ஸில் வாங்கலாம், வேலை கிடைத்தால் அடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. வேலை கிடைக்காவிட்டால் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அயர்லாந்துக்குப் போன பணம் போனதுதான், ஜெர்மனிக்குப் போனது திரும்பி வரும், வேலை தாமதமானால் ஆகட்டும் என்று சொல்லிச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். பன்னிரண்டு லட்சத்துக்கு எங்களுக்கு இருந்த ஒரே வழி, அம்மா பேரிலும் என் பேரிலும் இருந்த அந்த அறையையே பாயின் பட்டறைக்கு ஹெவி டெபாசிட்டில் விட்டுவிட்டு, நாங்கள் மான்கூர்டில் வாடகைக்குப் போவது.

அன்றைக்குக் கையெழுத்துக்கு முன் பாய் கேட்டார்.

"ரெண்டு வருசம் கழிச்சு நான் காலி பண்ணுனா முழுசா எடுத்து வைக்கணும்மா. எங்கேருந்து வைப்ப?"

"அது பேங்குல அப்படியே கெடக்கும் பாய். இவன் படிச்சு முடிச்சதும் எடுத்துத் தந்துருவேன்."

பாய் ஏணியைப் பார்த்தார். "என்னப்பா, அக்கா சொல்றது சரிதானா?"

தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டென்சன் நை லேனேகா பாய்" என்றான். கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். பேச்சை முடிக்க வேண்டுமென்றால் அவனுக்கு இந்தி வந்துவிடும்.

"சீமைக்குப் போறதுக்கு முன்னாலயே துரைக்குத் தமிழ் மறந்துட்டு" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். கையெழுத்துப் போட்டோம்.

அவன் போன பிறகு வாராவாரம் வீடியோவில் கேட்பேன், பணம் பத்திரமா இருக்கா என்று. இருக்குக்கா என்பான். ஒரு வருஷம் முடிந்த சமயத்தில், அடுத்த வருஷத்துக்குக் கொஞ்சம் அனுப்ப முடியுமா, பார்ட் டைம் வேலை பத்தவில்லை என்றான். கணக்கில் இருப்பதில் கொஞ்சம் எடுத்துக்கொள், பிறகு போட்டுவிடலாம் என்றேன்.

"எக்கா, அதுல ஒண்ணும் இல்ல. அது டெபாசிட் இல்லக்கா. மாசாமாசம் பிரிச்சு எனக்கே குடுப்பான். ரூம் வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் அதுலதான். போன மாசத்தோட தீந்துட்டு."

"நான் பாய்ட்ட சொல்லும்போது நீ அங்கனதானல இருந்த?"

அவன் முகம் திரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தது.

"நீ அப்படித்தான் நெனச்சிருக்கன்னு தெரியும்க்கா. சொல்லியிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்ட."

அது உண்மை. போட்டிருக்க மாட்டேன். சாப்பிட்டியா என்று கேட்டேன். அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

பார்ட் டைம் வேலையிலேயே எப்படியோ ஓட்டிப் படிப்பை முடித்துவிட்டான். போகிற இன்டர்வியூவில் எல்லாம் ஜெர்மன் எவ்வளவு வரும் என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். இப்போது ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிறான். அயர்லாந்துக்குப் போயிருந்தால் என்று என் வீட்டுக்காரர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிடுவாரோ என்று அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்குப் பதறும்.

நான் இன்னும் ஜிப் தைக்கிறேன். மான்கூர்டிலிருந்து குர்லா வந்து, ரயில் மாறி, சயானில் இறங்கி நடந்தால் எங்கள் அறை. அடுப்பு இருந்த இடத்தில் என் மிஷின். தாராவியை இடித்துக் கட்டப்போகிறோம் என்று சர்வேக்காரர்கள் வந்து கதவில் நம்பர் எழுதிப் போன பிறகு, பாய் பட்டறையைத் தாணே பக்கம் மாற்றுகிறார். நம்பர் விழுந்த சந்துக்கு டெபாசிட் கொடுத்து வர வேறு ஆள் கிடைக்கவில்லை.

"நான் ஒன்ன நெருக்கலம்மா" என்றார் பாய். "அங்க என்கிட்டயும் டெபாசிட் கேக்கானே."

முழுப் பணமும் சேரும்வரை சாவி அவரிடம். தம்பி அனுப்பியது இரண்டு லட்சம். நகையில் இரண்டு. சீட்டைத் தள்ளி எடுத்தது ஒன்று. என் கூலியில் பிடித்தது பதினைந்தாயிரம். இன்னும் கொடுக்க வேண்டியது ஆறு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய்.