அனுபவமும் ஏற்கப்படும்

எனக்குள் பொறாமை வந்தபோது அதற்கு ஸ்பிரிட் வாசனை. அன்று திங்கட்கிழமை. சிக் ரூம் கதவைத் திறந்தேன். பதினேழு வருடமாக அங்கே குடியிருந்த என் தைல வாசனையைக் காணவில்லை. ஜன்னல்கள் விரியத் திறந்து கிடந்தன. மலைக்குளிர் கேட்பாரின்றி உள்ளே சுற்றியது. வெள்ளை முக்காடிட்ட இளம்பெண் ஒருத்தி என் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் அலுமாரி!

அலவத்துகொட ஊர்ப் பிள்ளை. மூன்று வருடம் தாதியர் பயிற்சி முடித்தவள். பள்ளிக்கூடங்களுக்குத் தாதி வைத்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க, கல்விக் கந்தோர் சில பள்ளிகளுக்கு மட்டும் அனுப்பியிருந்தது. அதிபர் வந்து அறிமுகப்படுத்தினார். நான் சிரித்தேன். என் சிரிப்பை நானே பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நான் தமிழ் டீச்சர். எப்போதோ இரண்டு நாள் முதலுதவி வகுப்புக்குப் போய் வந்ததால் சிக் ரூம் சாவி என்னிடம் வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது. காலைக்கூட்டத்தில் வெறும் வயிற்றோடு நிற்கும் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். தூக்கிவந்து படுக்கவைப்பேன், நெற்றிக்குத் தைலம், பிறகு மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ. மஹய்யாவவில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதலில் இனிப்பான தேத்தண்ணீர்தான். கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலும் கேள்வியே கிடையாது.

இப்போது இடைவேளையில் நோவில்லாத பிள்ளைகளும், தாதிமாரை அழைக்கும் வழக்கப்படி ‘மிஸ்ஸி, மிஸ்ஸி’ என்று அவள் வாசலில் நின்றார்கள். என்னிடம் தோழியின் வாயால் சொல்லியனுப்பும் பெண்பிள்ளைகளின் சங்கதிகளை அவளிடம் நேரே சொன்னார்கள். கேன்டீன் அக்கா சும்மா இருப்பாரா? “என்ன டீச்சர், ஒங்க கூட்டமெல்லாம் மிஸ்ஸிகிட்ட போயிருச்சு போல. இனி தைலம் விக்கிறவன் பாடு திண்டாட்டந்தான்.” நானும் சேர்ந்து சிரித்தேன். அவளிடம் ஒரு குறையாவது கிடைக்காதா என்று தேடித்திரிந்தேன். கையெழுத்து கோணல் என்று கண்டுபிடித்தேன். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் தாங்கியது.

அந்த நேரத்தில்தான் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பாடசாலைத் தாதியருக்கு நியமம் வகுக்கப் போகிறார்கள்: எத்தனை பிள்ளைக்கு ஒரு தாதி என்ற ஆளணி, அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்ற தகைமை. ஆலோசனைகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி அதிபர் என்னிடம் கொடுத்தார். ஆளணி பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது. பெரிய பள்ளிக்கு முழுநேரத் தாதி ஒருவர். மலையில் கிட்டக்கிட்ட இருக்கும் சின்னப் பள்ளிகளுக்கு ஒருவரைப் பொதுவாக வைக்கலாம், ஆனால் நடந்தே போய்வரும் தூரத்துக்குள். தகைமை என்ற இடத்தில் மூன்று வருடப் பயிற்சி என்று எழுதினேன். பேனா நின்றது. பிறகு, ‘அல்லது நீண்டகால சிக் ரூம் அனுபவமும் ஏற்கப்படும்’ என்று சேர்த்தேன். யாருக்காக அந்த வரி என்று படிக்கிற எவருக்கும் தெரியும். தெரியட்டும். அந்த அறையில் எனக்கென்று மிஞ்சியிருந்த இடம் அந்த ஒற்றை வரிதான்.

அடுத்த வாரம் எட்டாம் தரப் பிள்ளையொன்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தது. மெலிந்து, உதடு காய்ந்து. மிஸ்ஸி வகுப்புகளில் நிறை பார்க்கப் போயிருந்தாள். அறை எனக்குத் திரும்பக் கிடைத்தது! துள்ளலோடு தேத்தண்ணீர் கலக்கினேன். பிள்ளை இரண்டு மிடறு குடித்திருக்கும். கோப்பையின் மேல் ஒரு கை வந்து மூடியது.

“கொஞ்சம் பொறுங்க டீச்சர்.” மிஸ்ஸி திரும்பி வந்திருந்தாள். பிறகு பிள்ளையிடம், “மகள், ராவைக்கு எத்தன முற ஒண்ணுக்குப் போற?”

நாலைந்து முறை என்றது. தண்ணீர் எவ்வளவு குடித்தும் தாகம் தீரவில்லையாம். மிஸ்ஸி விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தாள். மெஷினைப் பார்த்த முகம் மாறியது. சீனி வருத்தம். நீரிழிவு, இந்த வயதில். ஆட்டோ வந்தது, அவளே கூடப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

ஆட்டோ போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அதே பிள்ளை அந்த மாதத்தில் மூன்று முறை என்னிடம் வந்திருக்கிறது. மூன்று முறையும் மூன்று கரண்டி. முதுகில் தட்டிக்கொடுத்து வகுப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

பிள்ளை பிழைத்தது, இன்சுலின் ஊசியோடு பள்ளிக்குத் திரும்பியது. தேத்தண்ணீர்க் கதையை மிஸ்ஸி அதிபரிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக அவளை வெறுத்திருப்பேன்.

அனுபவம் பற்றிய அந்த வரியை வெட்டிவிட்டுப் புதுப் பிரதி எழுதினேன். அதை அவளும் பார்க்க வேண்டுமென்று அதிபர் கொடுத்தனுப்பினார். கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக வாசித்தாள்.

“அனுபவம் உள்ள ஆக்களையும் எடுக்கலாமெண்டு ஒரு வரி போடுவமா டீச்சர்? ஒங்கள மாதிரி ஆக்களுக்கு.”

இதையும் அவளே சொல்ல வேண்டுமா? அவளுடைய படிப்பின் மேல் இருந்த பொறாமை அந்த நொடியில் அவளுடைய மனசின் மேல் தாவியது. அது இன்னும் மோசம். படிப்பையாவது மூன்று வருடத்தில் வாங்கலாம்.

“வேணாம் மிஸ்ஸி,” என்றேன். அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் போன பிறகு ஆளணிப் பகுதியில் இன்னொரு வரி எழுதினேன்: தாதி இல்லாத நாளிலும் தாதியின் வேலையில் ஆசிரியரை நிறுத்தலாகாது, பதில் தாதி ஒருவர் வர வேண்டும். எழுதி, அதிபரின் மேசையில் வைத்துவிட்டுப் பத்தாம் தரத்துக்குப் பாடம் எடுக்கப் போனேன். பாதிப் பாடத்தில் ஒரு பிள்ளை எழுந்து வயிறு வலிக்கிறது என்றது. வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. “மிஸ்ஸிகிட்ட போம்மா” என்று சொல்ல வேண்டும். வாயில் வந்து நின்றது. வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.