கிணற்றுக்கு ஒரு குழாய்

என் வேலை என்னவென்று அக்காவுக்கு ஒரு தடவை விளக்கிச் சொல்ல முயன்றேன். கட்டடம் எழும்பப் போகிற இடத்தில் மண் ஒரே மாதிரி இருக்காது, வலுவில்லாத இடத்தில் துளை போட்டு, சிமென்ட் சாந்தை அழுத்தி உள்ளே அனுப்பி மண்ணை இறுக்குவோம், எங்கே துளை, எவ்வளவு ஆழம், எவ்வளவு அழுத்தம் என்று தீர்மானிப்பவள் நான் என்றேன். அக்கா இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். "அப்போ நீ மண்ணுக்கு ஊசி போடற டாக்டராக்கும்," என்றாள். அதற்குப் பிறகு திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அவள் தெரு முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

அந்த அக்கா இப்போது மெல்பர்னில் மகன் வீட்டில் இருக்கிறாள். அத்திம்பேர் காலமான பிறகு, ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். ஆறு மாதம் நீண்டுகொண்டே போனது. வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். முதல் கேள்வி என் உடம்பைப் பற்றியோ என் கணவரைப் பற்றியோ இருக்காது.

"கெணத்துல ஜலம் இருக்கோடி?"

"இருக்கு."

"அப்போ ஷரி. தை பொறக்கட்டும், வந்துடறேன்."

குழாய்த் தண்ணீரை அவள் வாயில் வைக்கமாட்டாள். மருந்து வாடை அடிக்கிறதாம். அவள் இங்கே இருந்தவரை, வெளியூர் வேலை முடிந்து தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பையும் கையுமாக நான் முதலில் போவது அவள் வீட்டுக்குத்தான். நேரே கொல்லைக்குக் கூட்டிப் போய், கேட்காமலே ஒரு வாளி இறைத்து என் காலில் ஊற்றுவாள். சேறு சிவப்பாக வழிந்தோடும். "இது எந்த ஊர் மண்ணுடி?" என்பாள். சொல்வேன். அப்புறம்தான் காப்பி. கணவர், பிள்ளைகள், வேலை எல்லாம் இருந்தும் இப்போது காலில் தண்ணீர் ஊற்ற ஆளில்லையே என்று மனம் ஏங்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அறுபதை நெருங்குகிறேன்.

அவள் வீட்டுப் பின்மதிலுக்கு அடுத்த மனையில் அடுக்குமாடி வரப்போகிறது என்று மண்ணை உறுதிப்படுத்தும் வடிவமைப்பு என்னிடம் வந்தபோது, வரைபடத்தில் நான் முதலில் தேடியது அக்காவின் கிணற்றைத்தான்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். திருவனந்தபுரத்து மண்ணிடம் அது பலிக்காது. அந்த மனையில் ஒரு மூலை பழைய குளத்தைத் தூர்த்த இடம், உடைந்த ஓடும் தேங்காய் மட்டையும் கலந்த கருஞ்சேறு. நடுவில் வெள்ளைக் களிமண். அக்காவின் மதிலோரம் வெட்டுக்கல் என்கிற செம்பாறை, உளுத்த மரம் போல உள்ளே முழுக்கத் துளை. களிமண்ணுக்குள் சிமென்ட் பால் புகாது, கெட்டிச் சாந்தை அழுத்தி மண்ணை நெருக்கித்தான் இறுக்க முடியும். வெட்டுக்கல்லோ கொடுத்ததையெல்லாம் குடிக்கும், குடித்ததை அடுத்த வீட்டுக் கிணற்றில் கொண்டுபோய்க் கொட்டும். கொட்டினால் ஊற்றுக்கண் அடைந்துவிடும். ஊற்று போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் என்ன பதில் சொல்வேன்? தை பிறந்தாலும் அக்கா எதற்காக வருவாள்?

சைட் இன்ஜினீயர் நாகர்கோவில்காரர், எல்லாவற்றுக்கும் அவசரம். "எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி துளை போட்டு அடிச்சு விட்டுருவோம் மேடம். சோலி சட்டுன்னு முடியும், பாத்துக்கிடுங்க," என்றார்.

"காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே ஊசியா?" என்றேன். அது என் அக்காவின் கிணறு என்பதையும் சொன்னேன். யார் கிணறாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன் என்று சேர்த்துக்கொண்டேன். அவர் நம்பினாரா தெரியாது.

சாந்து இறக்குவதற்கு முன் மதிலோரத்துத் துளையில் சாயம் கலந்த தண்ணீரை விட்டுப் பார்த்தோம். நான் அக்காவின் வீட்டைத் திறந்து, கிணற்றுச் சுவரில் கையூன்றி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பம்ப் ஓடுகிற சத்தம். வராதே, வராதே என்று மனம் அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் மங்கலாக ஓர் ஊதா இழை தெரிந்தது.

மதிலோரத்தில் துளையே வேண்டாம் என்று அடித்துவிட்டேன். கட்டடத்தின் கடைசித் தூண் வரிசையை உள்ளே தள்ளச் சொன்னேன். கட்டடத்தை வரைந்தவர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. மதிலை விட்டுத் தள்ளி, கிணற்றுப் பக்கத்தில் போட்ட துளைகளில் கெட்டிச் சாந்து மட்டும், அதுவும் மெதுவாக. பந்தியில் இலைக்கு மேல் கையை மறிக்கிற மாதிரி, மண்ணும் ஒரு கட்டத்தில் போதும் என்று சொல்லும். அழுத்தம் காட்டும் முள் ஏறும், சாந்து இறங்காது. அங்கே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தரை உப்பிக்கொண்டு வரும். நாங்கள் நிறுத்தினோம்.

வேலை முடிந்த அன்று ஒரு வாளி இறைத்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. எனக்கு நானே காலில் ஊற்றிக்கொண்டேன். ஒன்றும் தோன்றவில்லை, கால் நனைந்தது, அவ்வளவுதான். துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன்.

"எதுக்குடி இவ்வளவு மெனக்கெட்டே?" என்றாள். "பின்மனைக்காரா வீட்டைக் கேக்கறாளாம், கார் நிறுத்த எடம் வேணுமாம். குடுத்துடலாம்மாங்கறான் பிள்ளை. நானும் ஷரின்னுட்டேன். ரெண்டு முட்டியும் போச்சு. இனிமே நான் எங்கேர்ந்துடி வாளி இழுக்கறது?"

"அப்போ தை?"

"தை வரும்டி. நான் வரமாட்டேன், கேட்டியோ."

முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு தூண் வரிசை தப்பியிருக்குமே என்று கத்தினேன். தூணுக்காகவா கத்தினேன்? எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். அக்காவுக்கு அது தெரியும்.

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது வீடு கைமாறியது, இடிபட்டது. கிணற்றைத் தூர்ப்பதற்கான வரைபடமும் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. கிணற்றைத் தூர்த்தால் அது மூச்சு விட ஒரு குழாய் விடவேண்டும், மூச்சு முட்டினால் மனைக்கு ஆகாது என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். எத்தனையோ சைட்டில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். சைட் இன்ஜினீயர் எதிரிலேயே சிரித்திருக்கிறேன். இந்தத் தடவை சாந்து வேண்டாம், மணலும் சரளையும் போதும் என்று எழுதினேன். நடுவில், அடிப்பகுதியில் துளைகளோடு நீளமாக ஒரு குழாய் வரைந்தேன். தரைமட்டத்தில் அதற்கு ஒரு திருகு மூடி.

"இது எதுக்காக்கும் மேடம்?" என்றார் அவர்.

"நிலத்தடி நீர்மட்டம் பார்க்க. பக்கத்துல கட்டடம் நிக்குதே."

அது உண்மைதான். அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூச்சு விடவும் ஆகும், இல்லியா?" என்றார்.

"ஆகும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. கட்டடம் அமுங்குகிறதா என்று பார்க்கப் போகும்போது மூடியைத் திறந்து அளவு நாடாவை இறக்குவேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்படி இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா முட்டிவலியைப் பற்றிப் பேசினாள், பேத்தி தமிழில் திட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசினாள். வைக்கப் போகிற சமயத்தில் பழைய பழக்கம் நாக்கில் வந்துவிட்டது.

"கெணத்துல ஜலம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

நான் நாடாவை மேலே இழுத்தேன். நுனி நனைந்திருந்தது.

"இருக்கு அக்கா," என்றேன்.

"அப்போ ஷரி," என்றாள். தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை.