பன்னிரண்டு இடங்கள்

வளைகுடாவில், அஜ்மான் நகரத்து அச்சகமொன்றில் காகிதம் மடிக்கும் மிஷின் ஓட்டுபவன் சோணைமுத்து. கரீபியன் தீவொன்றின் பழைய நகரத்தைத் தாமாகவே நடந்து சுற்றிப் பார்ப்பவர்களுக்கான வரைபடம் அங்கே அச்சானது. அதில் பன்னிரண்டு இடங்களுக்கு எண் போட்டிருந்தது. எந்த எண்ணின் மேலும் மடிப்பு விழக் கூடாது என்பதால், நாலு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றபடி, வந்த மூன்று வருடத்தில் அவன் கண்டது தொழிலாளர் தங்கும் கேம்ப்பையும் கம்பெனி பஸ்ஸையும்தான்.

வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து மனைவி பஞ்சவர்ணம் போனில் கேட்டாள்: "அங்கிட்டு பாக்க என்னதான் இருக்கு?"

வரைபடத்தின் ஒன்றாம் எண்ணிலிருந்து ஒப்பித்தான். கோட்டை, பீரங்கி, கல் பாவிய தெரு, மாதா கோயில்.

"அரபு நாட்டுல மாதா கோயிலா?"

"ஆமா. மஞ்சப் பெயிண்டு."

"அம்புட்டு எடத்துக்கும் போனீகளா?"

"எல்லாம் நடந்து போற தூரந்தான்" என்று கட்டிலில் புரண்டு படுத்தான்.