மாமியின் முடியில் பாதரசம்

எண்பதுகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அரசாங்க ஆய்வுக்கூடத்தில், மனிதர்களின் தலைமுடியில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று பார்ப்பது என் உத்தியோகம். மீன் தின்றால் அது முடியில் ஏறும். கிள்ளான் கரையோர மீனவர்களிடம் முடி வாங்கியாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க, மீனையே தொடாதவர்களின் முடியும் வேண்டும். இந்த நாட்டில் அதற்கு எங்கே போவது? சைவம் என்று சத்தியம் செய்கிறவன்கூடச் சம்பலில் பெலாச்சான் என்கிற இறால் விழுதைப் போட்டு இடிக்கிறான்.

"எங்க வீட்ல ஒருத்தர் இருக்காங்க, பியூர் சைவம்லா," என்று சக ஆய்வாளரிடம் பெருமையடித்தேன். என் மாமியாரைத்தான் சொன்னேன். மாமனார் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு, யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் கூடி, மாமி இனி மீன் இறைச்சி தொடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டார்கள். அன்றோடு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள் மீன் வருவது நின்றது. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் மாமி ஜன்னலைச் சாத்துவார்.

ஆராய்ச்சிக்கு என்று மட்டும் சொல்லி, மாமியின் பிடரியில் ஒரு கொத்து முடி வெட்டிக்கொண்டு போனேன். முடிவு மீனவர்களின் அளவில் வந்தது. இயந்திரத்தைத் திட்டிவிட்டு மறுபடி செய்தேன். அதே அளவு. மாமியின் தலை எண்ணெயைச் சோதித்தேன். எண்ணெய் சுத்தம். மாமிமேல்தான் சந்தேகம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருடம் பருப்பும் கத்தரிக்காயும்! மனைவி பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"மாமி, நீங்கள் மீன் சாப்பிடுறீங்களோ?"

அவர் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான் கோயிலுக்கென்று பஸ் ஏறுவார். கோயிலுக்கும் போவாராம். பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மாவின் கடையில் சோறும் சுறாக் கறியுமாம்.

"இதென்ன கூத்து! மீனை விட்டது நீங்கள்தானே?"

"நானோ? எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தவை. என்னை ஆர் தம்பி கேட்டவை?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "என்ர மகளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. தகப்பனை மறந்திட்டன் எண்டு நினைப்பாள். அதை என்னால தாங்கேலாது."

கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

"சுறா வேண்டாம் மாமி. பெரிய மீன்லதான் பாதரசம் கூட. சின்ன மீனாப் பாத்துச் சாப்பிடுங்கோ," என்றேன். ஆய்வுக்கூடத்தில் மாமியின் முடியை ஒதுக்கிவிட்டு, காரணம் கேட்டவரிடம் தலை எண்ணெயில் கோளாறு என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறிலிருந்து நானே காரில் கூட்டிப்போனேன். சாமி கும்பிட்டுவிட்டு இருவரும் பொரித்த சின்னக் கெம்போங் மீன் சாப்பிட்டோம். எனக்குப் பக்தி முற்றிவிட்டதென்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

ஒரு ஞாயிறு, கார் கிளம்பும்போது மனைவி வந்து ஜன்னல் வழியாக ஒரு பையை நீட்டினாள். உள்ளே பாதியாக வெட்டிய எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய்.

"சாப்பிட்டு முடிய இதால கையைத் தேச்சுக் கழுவுங்கோ. ஒவ்வொரு கிழமையும் ரெண்டு பேர்ட கையும் மீன் மணக்குது," என்றாள். பிறகு குனிந்து தாயைப் பார்த்தாள். "அம்மா, எனக்கும் ஒண்டு கட்டிக்கொண்டு வாங்கோ."

சுபாங் ஜெயா தாண்டும்வரை மாமி அழுதுகொண்டே வந்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"அவளுக்கு நல்லா முறுகப் பொரிக்கவேணும், தம்பி. கடைக்காரிட்டச் சொல்லுங்கோ."