திவசத்துக்கு ஒரு நாள் முந்தி

இறந்த திகதியைக் கொடுத்தால், அதன் திதியைக் கணித்து இந்த வருடம் திவசம் என்றைக்கு வருகிறது என்று சொல்லும் செயலி அது. நாலைந்து பேர் சேர்ந்து எழுதினோம். திறந்த மூலம். நிரல் எல்லோருக்கும் முன்னால் கிடக்கும், விரும்பியவர் எடுத்துத் திருத்தலாம். ஒருவர் பிள்ளை பிறந்ததும் போனார், இன்னொருவர் சண்டை பிடித்துக்கொண்டு போனார். கடைசியில் திருத்துவதற்கு நான் மட்டும் மிஞ்சினேன். குறை சொல்வதற்கு மட்டும் ஆள் குறையவே இல்லை.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் மிசிசாகாவில் வேலை, நகரத்தின் மறுகோடியில் மோர்னிங்சைட்டில் வீடு. நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்து சேரும்போதே உடம்பு பிழிந்து போட்ட துணியாகிவிடும். அதற்குமேல் கணினியைத் திறந்தால் யாராவது ஏசியிருப்பார்கள். எனக்கு அலுத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை, இதை இன்றோடு மூடிவிடுவதென்று தேத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்தேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. இதே நகரத்தின் ரெக்ஸ்டேலில் இருந்து ஒருவர், என்னைவிட மூத்த குரல். என் இலக்கத்தை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார்.

"தங்கச்சி, உங்கட செயலி பிழை. அம்மான்ர திவசத்தை எப்பவும் ஒரு நாள் முந்திக் காட்டுது. ஊரிலை அக்கா அடுத்த நாள்தான் செய்யிறா. உதாலை அவவும் நானும் இப்ப கதைக்கிறேல்லை. சும்மா குடுக்கிறியள் எண்டதுக்காகப் பிழையாக் குடுக்கலாமே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா கொடுத்ததற்கு இந்தப் பேச்சா? வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிழை என்று ஒருவர் சொன்னால் காரணம் தெரியாமல் விட என்னால் முடியாது. அது என் வியாதி. அம்மா எங்கே இறந்தவர் என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணத்திலை. விடியப்புறம்."

"உங்களுக்கு எப்ப அண்ணை சொன்னவை?"

"உடனை எடுத்துச் சொன்னவை. நான் வேலையாலை வந்து இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தனான்."

"எந்தத் திகதி போட்டனீங்கள்?"

"அண்டைக்குரிய திகதிதான். சுவரிலை கலண்டர் இருந்தது, அதைப் பார்த்து எழுதினனான்."

அப்போதே விளங்கிவிட்டது. இங்கே இரவுச் சாப்பாடு என்றால் அங்கே மறுநாள் விடிகிற நேரம். செய்தி கேட்ட நாளையே இறந்த நாள் என்று வைத்திருக்கிறார். பெற்றவர்களின் சாவைத் தொலைபேசியில் கேட்ட எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இப்படிக் குறித்து வைத்திருக்கிறார்களோ!

"அண்ணை, அங்கை அப்ப அடுத்த நாள் பிறந்திட்டுது."

அந்தப் பக்கம் அவர் மணித்தியாலங்களை எண்ணிப் பார்ப்பது கேட்டது.

"அப்ப... அம்மா உயிரோடை இருந்த நாளிலையே நான் அவவுக்குப் படைச்சனான்?"

திகதியை ஒரு நாள் தள்ளிப் போடுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

"அக்காவுக்கு எடுக்கவேணும்" என்றவர், நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. திகதி கேட்கும் இடத்துக்கு மேலே, எங்கே இறந்தார், போடுவது அந்த ஊர்த் திகதிதானா என்று கேட்கும் ஒரு பெட்டியை எழுதத் தொடங்கினேன்.