வாங்கிக்கொள்ள ஆள் வராத பலாமரங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நான் எழுதுகிறேன்.

அப்பா மலைமேல் வளப்பூர் நாட்டில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தவர். சாமைக்காட்டிலும் மரவள்ளிக்காட்டிலும் உழைத்தே வளர்ந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. வாலிப வயதில், அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்த சபை வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள் வேதம் வாசிக்கக் கேட்டு ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். பிற்பாடு என்னை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்ததும் அந்த ஐக்கியத்தார்தான். "எனக்கு எழுத்துத் தெரியாத குறைய அந்தப் பசங்கதான் தீர்த்தாங்க" என்பார்.

வயிற்றில் கட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சேலத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அவருக்கு இருந்தது ஒரே எண்ணம். மிளகுக்கொடி ஏறிய தம் பலாமரங்களைத் தமக்குப் பிறகு ஐக்கியத்துக்கு விட்டுப்போக வேண்டும். அவற்றின் வருமானத்தில் மலைப் பிள்ளைகள் படிக்க வேண்டும், கூடி ஜெபிக்க வேண்டும்.

எங்கள் பங்காளிகளுக்குள் மரம் கொடுப்பதற்குப் பத்திரம் கிடையாது. பங்காளிகள் பார்த்திருக்க, கொடுப்பவர் மரத்தில் கை வைத்துச் சொல்வார். வாங்குபவரும் அதே மரத்தில் கை வைக்க வேண்டும். அவருக்குப் பதிலாகக் கொடுப்பவர் வீட்டார் வைக்கக் கூடாது.

குறித்த ஞாயிறன்று அப்பாவை நாற்காலியோடு தூக்கிப்போய் மரத்தடியில் வைத்தோம். கை வைத்துச் சொன்னார். ஐக்கியத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பாதிப் பேர் திருப்பூர் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு வாசலூர்பட்டி படகுத்துறையில் வேலை. ஞாயிறுதான் அங்கே சுற்றுலாக் கூட்டம்.

"என்ன தம்பி, உங்க சாமி ஆள் அனுப்ப மறந்துருச்சாட்ட இருக்குது" என்றார் பெரியப்பா. அவர் குலசாமியை விடாதவர்.

"பஸ்சு லேட்டா இருக்குமுங்கண்ணா."

"மத்தியானப் பஸ்சும் போயிருச்சு. கைய எடு, வலிக்கும்."

"இருக்கட்டுங்கண்ணா."

கடைசியில் பெரியப்பாதான் அந்தக் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம பாக்கலாம் சாமி" என்று அப்பா என்னிடம் சொன்னார். அந்த ஞாயிறு வருமுன் போய்விட்டார்.

இப்போது ஐக்கியக் கூட்டமே நின்றுவிட்டது. ஜெபத்துக்கு விரிக்கும் பாய்கள் ஆலயத்தின் மூலையில் சுருட்டிக் கிடக்கின்றன. கொடிகளில் வாடல் நோய் இறங்கியிருக்கிறது. கொடுத்ததாகச் சொல்லிவிட்ட மரத்தை நாங்கள் தொடக் கூடாது. வாங்கியவர் என்றும் யாருமில்லை. இந்த வருஷத்து மிளகு பறிக்காமலே உதிர்ந்தது. அப்பா நம்பிக்கையோடு கண்மூடினார் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு அப்படித் தெரியவில்லை.

அப்பாவைத் தூளி கட்டி ரோடுவரை சுமந்த பங்காளிகள், நேரம் பார்க்காமல் வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணன், கடைசிவரை வந்து ஜெபித்த போதகர், சாமி வேறென்று பாராமல் குழி வெட்ட முதலில் மண்வெட்டி எடுத்த பெரியப்பா, எல்லாருக்கும் எங்கள் நன்றி.

நினைவு ஆராதனை முடிந்ததும் மரத்தடிக்குப் போகிறோம். "எவனும் வரமாட்டான். ஆனாலும் பாக்கறதுக்குப் பங்காளி வேணுமில்ல, நான் வாரேன்" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். இதை வாசிக்கும் வாலிபர்களே, முடிந்தால் வந்து மரத்தில் கை வையுங்கள். வருவீர்கள் என்று நினைத்து நான் எழுதவில்லை. அப்பா கொடுத்ததை உங்களுக்குச் சொல்லாமல் விட்டேன் என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.